முன்சக்கரத்தைக் கேட்டு வாங்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. தோப்புக்கு வாங்கிய 24 ஹெச்.பி. மினி டிராக்டருக்குப் புல் வெட்டும் ஸ்லாஷர் எடுக்கப் போவதாகவும், கடைக்காரர் ஐந்தடி போடச் சொல்வதாகவும், நாலடி போதுமா என்றும் கேட்டிருந்தாய். நாலடிதான் வேண்டும். இதோடு கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் கடையில் உன்னிடம் ஒரு ஹெச்.பி. கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். கேட்க அது சரியாகவே இருக்கும். பெரியப்பா சொன்னார் என்று மட்டும் சொன்னால் அங்கே எடுபடாது. காரணம் உன் கையில் இருக்க வேண்டும். காரணம் இதுதான்: ஸ்லாஷரை டிராக்டரின் ஹெச்.பி.யோடு பொருத்துவது இரண்டாவது வேலை. டிராக்டரின் எடையோடு, அதிலும் முன்சக்கரங்களின் மேல் நிற்கிற எடையோடு பொருத்துவதுதான் முதல் வேலை. கடையில் முதல் வேலையை யாரும் செய்வதில்லை.

ஹெச்.பி. கணக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம், அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. வெட்டும் அகலத்தில் ஓர் அடிக்கு 5 ஹெச்.பி. என்பது இந்தக் கருவிக்கு எல்லோரும் சொல்லும் தோராயக் கணக்கு. ஐந்தடிக்கு 25, உன்னிடம் 24, ஒன்றுதானே குறைகிறது என்பார்கள். ஆனால் அந்த 5 ஹெச்.பி., எஞ்சின் சக்தியைக் கருவிக்குக் கடத்தும் பி.டி.ஓ. தண்டில் கிடைக்க வேண்டிய சக்தி. பானட்டில் எழுதியிருக்கும் 24, எஞ்சினின் சக்தி. நடுவில் கியர்களும் ஹைட்ராலிக் பம்பும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, இந்த அளவு வண்டியில் பி.டி.ஓ.வுக்கு 18 முதல் 22 வரைதான் விடும். உன் மாடலுக்கு எவ்வளவு என்று ஊகிக்க வேண்டியதில்லை. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இருக்கிறது. அங்கே சோதிக்கப்பட்ட வண்டிகளின் அறிக்கையில் பி.டி.ஓ. சக்தியும் லிப்ட் தூக்கும் திறனும் அளந்து போடப்பட்டிருக்கும். விற்பனையாளரிடம் அந்த அறிக்கையைக் கேள். பி.டி.ஓ.வில் 20 ஹெச்.பி. வந்தால் அதை ஐந்தால் வகுத்துப் பார், நாலடிதான் வருகிறது. ஆக அவர்கள் கணக்கை ஒழுங்காகப் போட்டாலே ஐந்தடி நிற்காது. ஆனாலும் இதை நான் பெரிய காரணமாகச் சொல்ல மாட்டேன். சக்தி குறைந்தால் நடக்கப்போவது எஞ்சின் திணறுவதுதான். நீ வேகத்தைக் குறைப்பாய், அல்லது கருவியை இரண்டு அங்குலம் உயர்த்தி ஓட்டுவாய். தொல்லைதான், ஆபத்தில்லை. எடை அப்படியில்லை.

ஒரு சாதாரண ஐந்தடி ஸ்லாஷர் 250 கிலோ அளவில் இருக்கும். உன் வண்டியின் லிப்ட் 750 கிலோ தூக்கும் என்று எழுதியிருக்குமானால், மூன்றில் ஒரு பங்குதானே என்று தோன்றும். லிப்ட் தூக்கிவிடும், அதில் சந்தேகமில்லை. தூக்கும்போது வண்டிக்கு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. கணக்குக்காக உன் டிராக்டர் 650 கிலோ, இரண்டு அச்சுகளுக்கும் இடையே 1.5 மீட்டர், முன்னச்சின் மேல் 40 சதவீதம், அதாவது 260 கிலோ என்று வைத்துக்கொள். கருவியைத் தூக்கும் லிப்ட்டின் கீழ்க்கைகளின் முனை பின்னச்சிலிருந்து 60 செ.மீ. பின்னால் இருக்கும். ஸ்லாஷரோ நீளமான கருவி. அதன் எடையின் மையம் அங்கிருந்து இன்னும் 90 செ.மீ. தள்ளி விழும். ஆக 250 கிலோ, பின்னச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால் தொங்குகிறது. பழைய கிணற்று ஏற்றம் போலத்தான்: பின்சக்கரம் ஏற்றக்கால், பின்னால் ஏறும் பாரம் முன்னால் இருக்கும் பாரத்தைத் தூக்கும். 250-ஐ 1.5-ஆல் பெருக்கி 1.5-ஆல் வகுத்தால் 250. முன்னச்சில் இருந்த 260-ல் 250 போய், மிஞ்சுவது 10 கிலோ. பின்னச்சின் மேலோ 890. அந்த நேரத்தில் ஸ்டீரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும், வண்டி திரும்பாது. ஒரு கல் ஏறி இறங்கினாலும் முன்பக்கம் எழும்பிவிடும். நான்கு சக்கர ஓட்டம் இருக்கிறதே என்றால், மண்ணை அழுத்தாத சக்கரம் எதைப் பிடித்து இழுக்கும்? டிராக்டரின் சொந்த எடையில் 20 சதவீதமாவது எப்போதும் முன்னச்சின் மேல் இருக்க வேண்டும் என்று கருவிகளின் கையேடுகளில் போட்டிருப்பார்கள். உனக்கு அது 130 கிலோ.

இதே கணக்கை நாலடிக்குப் போடு. எடை 170 கிலோ, நீளமும் குறைவு என்பதால் மையம் பின்னச்சிலிருந்து 1.3 மீட்டரில். முன்னச்சிலிருந்து போவது 147, மிஞ்சுவது 113. வேண்டிய 130-க்குப் பதினேழு கிலோ குறைவு. முன் பம்பரில், அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் 40 கிலோ வெயிட் தொங்கவிட்டால் நெம்புகோல் கணக்கில் அது 53 கிலோவாக அச்சில் இறங்கும், 166 ஆகிவிடும். உன் வண்டிக்கும் நீ பார்த்த கருவிக்கும் இந்த எண்கள் கொஞ்சம் மாறும், கணக்குப் போடும் விதம் மாறாது. எடை, மையத்தின் தூரம், அச்சுகளின் இடைவெளி என்று மூன்று அளவை டேப் வைத்து எடுத்துவிட்டால் நீயே போட்டுவிடலாம்.

25 ஹெச்.பி. வண்டியும் ஐந்தடி ஸ்லாஷரும் உலகமெங்கும் ஓடுகிறதே என்று கேட்பாய். ஓடுகிறதுதான். டிராக்டர் பின்னால் மாட்டும் இந்தக் கருவி 1951-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், செல்மா என்ற ஊரில் விற்பனைக்கு வந்தது. அந்தக் காலத்தில் அங்கே சிறு பண்ணைகளில் நின்ற வண்டி போர்டு 8என். 1947 முதல் 1952 வரை செய்தார்கள். அதற்கும் 25 ஹெச்.பி. அளவுதான், அதன் பின்னால் ஐந்தடி ஸ்லாஷர் பல பத்தாண்டுகள் ஓடியது. ஆனால் அந்த வண்டியின் எடை ஏறத்தாழ 1,100 கிலோ, அச்சுகளின் இடைவெளி 1.78 மீட்டர். அதிலேயே ஸ்லாஷரைத் தூக்கினால் முன்பக்கம் லேசாகும் என்பது ஓட்டியவர்கள் அறிந்த சங்கதி. இன்றைய மினி டிராக்டர் சில மாடல்களில் அதே ஹெச்.பி.யை முக்கால் டன்னுக்கும் குறைந்த உடம்பில் தருகிறது. தோப்புக்குள் நுழைந்து திரும்பவும், ஈர மண்ணை அமுக்காமல் ஓடவும் அப்படிச் செய்திருக்கிறார்கள். அதுதான் அதன் அழகு. ஹெச்.பி.யை மட்டும் பார்க்கிற கணக்கு, இரண்டும் ஒரே வண்டி என்று நினைத்துக்கொள்கிறது.

இதற்குக் கெட்டிக்காரத்தனமான மறுப்பு ஒன்று உண்டு. ஸ்லாஷருக்குப் பின்னால் வால்சக்கரம் இருக்கிறது, வேலை செய்யும்போது கருவி அதன் மேலும் தன் சறுக்குப் பட்டைகள் மேலும்தான் நிற்கிறது, டிராக்டர் அதைச் சுமப்பதில்லை என்பார்கள். உண்மைதான். கருவியை மேலே பிடிக்கும் டாப் லிங்க்கைக் கொஞ்சம் தளர விட்டிருந்தால் கருவி மேடு பள்ளத்தோடு தானே ஏறி இறங்கும், எடை வண்டிக்கு வராது. ஆனால் நாள் முழுவதும் அது தரையிலேயேவா இருக்கிறது? வரிசை முடிந்து திரும்பும்போது தூக்குகிறாய். வரப்பைத் தாண்டத் தூக்குகிறாய். வாய்க்காலில் இறங்கி ஏறத் தூக்குகிறாய். வீட்டிலிருந்து தோப்புக்கு ரோட்டில் போவதே தூக்கிக்கொண்டுதான். எடை வண்டியின் மேல் ஏறுகிற நேரமும், வண்டி சாய்ந்து குலுங்குகிற நேரமும் ஒன்றாகவே வருகின்றன. சமதரையில் அமைதியாக ஓடும் ஐம்பது நிமிடத்தை வைத்து மிச்சப் பத்து நிமிடத்துக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது.

அப்படியானால் ஐந்தடியை மாட்டிக்கொண்டு முன்னால் வெயிட்டைக் கூட்டினால் ஆயிற்று என்று இன்னொரு பேச்சு வரும். 130 கிலோ வர 90 கிலோ வெயிட் போட வேண்டும். அப்போது 650 கிலோ வண்டி கருவியோடு சேர்ந்து 990 கிலோ. கருவியைத் தரையில் இறக்கியதும் 260 தாங்கிக்கொண்டிருந்த முன்னச்சு 380 தாங்க வேண்டும். உன் வண்டியின் பம்பருக்கு இவ்வளவு வெயிட்தான் என்று கையேட்டில் ஓர் எல்லை இருக்கும், அதைப் பார்க்காமல் தொங்கவிடக் கூடாது. அந்த எல்லைக்குள் வந்தாலும், மண்ணை அமுக்காத லேசான வண்டி வேண்டும் என்றுதானே மினி டிராக்டர் வாங்கினாய்?

இனி அகலத்தின் லாபத்தைப் பார்ப்போம், ஏனென்றால் கடைக்காரர் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார். தென்னைக்குத் தென்னை 25 அடி. மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்துக்கு வட்டப்பாத்தி. அதற்குள் ஸ்லாஷர் போகக் கூடாது. இரண்டு பக்கப் பாத்தியும் போக நடுவில் மிஞ்சுவது 4 மீட்டர். ஒரு சாலுக்கும் அடுத்த சாலுக்கும் கொஞ்சம் மேலேறி வெட்ட வேண்டும் என்பதால் நாலடி உண்மையில் 1.1 மீட்டர் வெட்டும், ஐந்தடி 1.4. நாலடிக்கு நான்கு சால், ஐந்தடிக்கு மூன்று. ஒரு சால் மிச்சம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 20 ஹெச்.பி. பி.டி.ஓ.வில் நாலடியை மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் ஓட்ட முடிந்தால், ஐந்தடி 2.25 கி.மீ.க்குக் கீழே இறங்கிய நிமிடமே அந்த மிச்சம் காணாமல் போகிறது. இடுப்பளவு பார்த்தீனியமும் அடர்ந்த புல்லும் மழைக்குப் பின் நிற்கும்போது இறங்காமல் இருக்குமா? கத்தியின் சுற்று குறைந்தால் புல் வெட்டுப்படாமல் மடங்கிப் படுத்துவிடும். பிறகு அதே இடத்தில் இன்னொரு சால். காய்ந்த மாதத்தில் மெல்லிய புல்லுக்கு ஐந்தடி ஜெயிக்கும். ஆனால் அந்த மாதத்தில் வெட்டவே அவசரம் இருக்காது. பாத்திகளுக்கு இடையில் வளைந்து நுழையவும் குறுகலான கருவிதான் சுலபம். அகலத்துக்குக் கீழ் எல்லை ஒன்று உண்டு: பின் டயர்களின் வெளி விளிம்பை ஸ்லாஷர் மூட வேண்டும், இல்லையென்றால் டயர் மிதித்த புல் வெட்டுப்படாது. மினி டிராக்டரின் அகலத்துக்கு நாலடி அதைச் சரியாக மூடிவிடும். அளந்து பார்த்துக்கொள்.

ரோட்டவேட்டர் ஓட்டினால் களை போய்விடுமே, இது எதற்கு என்று உன் அப்பா கேட்பான். கோரை நிறைந்த நிலத்தில் ரோட்டவேட்டர் கிழங்குகளைத் துண்டாக்கித் தோப்பு முழுவதும் பரப்பும். மண்ணும் வெயிலுக்கும் மழைக்கும் வெறுமையாகக் கிடக்கும். ஸ்லாஷர் கோரையைக் கொல்லாது, அதையும் சொல்லிவிடு. வெட்டிய புல் அங்கேயே மூடாக்காக விழும், வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

அளவு முடிவானதும் பார்க்க வேண்டியது கிளட்ச். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி, கண்ணு. சில மினி டிராக்டர்களில் கிளட்ச் ஒன்றுதான், பி.டி.ஓ.வும் சக்கரங்களும் கியர் பெட்டி வழியாகச் சேர்ந்தே ஓடும். அதில் கிளட்சை மிதித்தால் எஞ்சின் மட்டும்தான் பிரிகிறது. ஸ்லாஷரின் கனத்த கத்திகளும் அவற்றைத் தாங்கும் தட்டும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன; அவை உடனே நிற்காமல், அந்த வேகத்தைப் பி.டி.ஓ. வழியாகத் திருப்பிக் கொடுத்துச் சக்கரத்தை முன்னால் தள்ளும். வேலி வந்துவிட்டதே என்று கிளட்சை மிதிக்கிறாய், வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. நான் சொன்ன போர்டு 8என்-லும் இதே கோளாறுதான். அதற்கு மருந்தாகப் பி.டி.ஓ. தண்டில் ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் கப்ளிங் மாட்டினார்கள்: எஞ்சின் கத்தியைச் சுற்றலாம், கத்தி வண்டியைத் தள்ள முடியாது. ஓவர்ரன்னிங் கிளட்ச் என்று கேட்டால் கிடைக்கும். உன் வண்டியில் ஒற்றைக் கிளட்ச் என்றால் அது இல்லாமல் ஸ்லாஷரை மாட்டாதே. எடை கூடக்கூட இந்தத் தள்ளும் வலுவும் கூடும் என்பது நாலடிக்கு இன்னொரு காரணம். அந்தக் கப்ளிங் தண்டின் நீளத்தைக் கூட்டும் என்பதால், மாட்டிய பிறகே கருவிக்குப் போகும் ஷாப்டை அளந்து வெட்டச் சொல். மினி டிராக்டரில் கருவி நெருங்கி நிற்கும். வெட்டாத ஷாப்ட் மேலே தூக்கும்போது முட்டிக் கியர் பெட்டியை உடைக்கும். அதிகமாக வெட்டினால் உள் குழாய் போதிய அளவு உள்ளே நிற்காது. மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும்.

பி.டி.ஓ. வேகத்திலும் ஒரு பொறி இருக்கிறது. மினி டிராக்டர்கள் சிலவற்றில் 540, 750 என்று இரண்டு வேகம் உண்டு. ஸ்லாஷர் 540-க்குச் செய்தது. நெம்புகோலைத் தவறி 750-ல் போட்டால் கத்தியின் வேகம் ஒன்றரை மடங்குக்குக் கீழேதான் கூடும், ஆனால் கத்தியைப் போல்ட்டிலிருந்து பிய்த்தெறியப் பார்க்கும் விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். சரியான வேகத்திலேயே நாலடிக் கருவியின் கத்தி நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்கு மேல் சுற்றி, நுனியில் மணிக்கு 230 கி.மீ. வேகத்தைத் தொடும். அந்த வேகத்தில் அடிபட்ட கல் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. முன்னும் பின்னும் சங்கிலித் திரை போட்ட கருவியாக வாங்கு. தேங்காய் பொறுக்குகிறவர்கள் தோப்பில் இருக்கும் நாளில் ஓட்டாதே. கையேடுகள் நூறு மீட்டர் விலகச் சொல்வது மிகையில்லை.

கல்லிலோ அடிக்கட்டையிலோ கத்தி மோதினால் கியர் பெட்டி தப்ப, ஷியர் போல்ட்டோ ஸ்லிப் கிளட்ச்சோ இருக்கும். ஷியர் போல்ட் ஒடிவதற்காகவே மென்மையான இரும்பில் செய்தது. ஒடிகிறதே என்று பட்டறையில் கெட்டி போல்ட் போட்டுக் கொடுப்பார்கள், வேண்டாம். ஸ்லிப் கிளட்ச் என்றால் மாதக்கணக்கில் நிறுத்தியபின் தட்டுகள் துருவேறி ஒட்டிக்கொள்ளும். போல்ட்டுகளைத் தளர்த்தி ஒருமுறை வழுக்கவிட்டு, மறுபடி கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். இந்த லேசான வகை, ஓர் அங்குலத் தண்டு வரை வெட்டும் கருவி. சீமைக்கருவேலம் கன்றாக இருந்தால் சரி, கட்டையானது அதன் வேலையில்லை. தென்னை மட்டையையும் தூளாக்கும் என்று சொல்வார்கள். ஓலையைக் கிழிக்கும், மட்டையின் அடிப்பகுதியை ஒன்றும் செய்ய முடியாது, நார் கத்தியின் தண்டில் சுற்றிக்கொள்ளும். மட்டைகளை முதலிலேயே இழுத்துப் பாத்தியில் மூடாக்காகப் போட்டுவிடு. சொட்டுநீர்க் குழாய் வரிசைக்கு நடுவில் குறுக்கே போகிற இடங்களையும் பார்த்துப் புதைத்துவிட்டுத்தான் கருவியை உள்ளே விட வேண்டும்.

மானியம் பற்றிக் கேட்டிருந்தாய். வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம். ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்பு உண்டு. பட்டா உன் பெயரில் இருப்பதால் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் 50-க்கே மனுப்போடு. பாதிப் பணம் அரசு தருகிறதே, பெரியதாகவே எடுப்போம் என்று மட்டும் போகாதே. மானியம் விலையைக் குறைக்கும், எடையைக் குறைக்காது. நாளைக்குப் பெரிய டிராக்டர் வாங்கினால் ஐந்தடி உதவுமே என்பதும் இதே வகைப் பேச்சு. நாளைய வண்டி வரும்வரை இன்றைய வண்டியில் உட்கார்ந்து ஓட்டப்போவது நீதான். வந்தபின் நாலடியை விற்றுக்கொள்ளலாம், தோப்பு வைத்திருக்கிற யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய். கடைக்காரரிடம் நாலடியையும் ஐந்தடியையும் ஒவ்வொன்றாக உன் வண்டியில் மாட்டித் தரச் சொல். பக்கத்து எடைமேடைக்கு மெதுவாகப் போய், முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் ஏறும்படி நிறுத்தி, கருவியை முழு உயரத்துக்குத் தூக்கிச் சீட்டு எடு. கருவி இல்லாமல் முழு வண்டிக்கும் ஒரு சீட்டு. முதல் எண் இரண்டாவதில் ஐந்தில் ஒரு பங்காவது வருகிறதா என்று பார். கடைக்காரர் முகம் சுளித்தால், எடைமேடைக் கட்டணத்தை நீயே கொடுப்பதாகச் சொல். சீட்டுகளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. முன்னால் எத்தனை கிலோ வெயிட் தொங்கவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா